புலிக்கு வயிறு நிறைந்தால்?

குற்றாலத்துக்குப் போய் அருவியில் தலை நனைக்காமல் திரும்பியவர்கள் யாராவது உண்டா? உண்டு. அந்தப் பாக்கியசாலி நான்தான்!

சாரல் ஸீஸனாயிற்றே என்று இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு தென்காசியில் அத்தை வீட்டுக்குப் போய் இறங்கினேன். அன்றைக்கென்று பார்த்து மலையில் பேய் மழை. மெயினருவியில் வெள்ளம் வளைவைத் தாண்டிக்கொண்டு விழுகிறதாம். ஐந்தருவியில் ஐந்து கிளையும் ஒன்றாகிவிட்டதாம். குளிக்கத் தடை! புலியருவிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

போகட்டும். புலியருவியைத்தான் பார்க்கவில்லையே தவிர, வீட்டுக்குள்ளேயே மூன்று புலிகளைப் பார்த்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மத்தியானம் கரண்டு போய்விட்டது. கைப்பேசிகளும் உயிரை விட்டுவிட்டன. அத்தையின் பேரன், பேத்தி இருவரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்ள ஆரம்பித்ததும், அத்தை ஒரு சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு கிழித்தாள். மலைபோல ஒரு முக்கோணம், அதன் குறுக்கே கோடுகள், கோடுகள் சந்திக்கிற 23 இடங்கள். கூழாங்கல் மூன்று புலி. புளியங்கொட்டை 15 ஆடு. ஆடு புலி ஆட்டம்!

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வரவேண்டும். 15ஐயும் வைத்த பிறகுதான் ஆடு நகரலாம். புலி, பக்கத்து ஆட்டை ஒரே கோட்டில் தாண்டி, அதற்கு அடுத்த காலி இடத்தில் குதித்தால் அந்த ஆடு போச்சு. காலி இடம் இல்லையென்றால் தாண்ட முடியாது. மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு ஜயம்.

பன்னிரண்டு வயதுப் பேரன் புலியை எடுத்துக்கொண்டான். ஒன்பது வயதுப் பேத்திக்கு ஆடு. மளமளவென்று நான்கு ஆடுகளை விழுங்கிவிட்டுச் சிரித்தான் பையன். பெண் வாயைத் திறக்கவில்லை. ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆட்டை நிறுத்தி, இடைவெளி விடாமல் அடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு புலிகள் மாட்டிக்கொண்டன. மூன்றாவதற்கும் ஒரே வழிதான் பாக்கி. அப்போதுதான் பையனுக்கு ஞானோதயம் உண்டாயிற்று.

"ஆச்சி, இது சரியே இல்ல! நிஜப் புலின்னா ரெண்டு ஆட்ட ஒரே தாவுல தாண்டிரும். நிஜ ஆடு புலியச் சுத்தி நிக்குமா? பயந்து ஓடிரும்லா! நான் ரெண்டு ஆட்டத் தாண்டப் போறேன்."

பேத்தியின் கண்ணில் நீர் முட்டியது. நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அத்தை கையமர்த்தினாள்.

"அவன் சொல்லுததும் நியாயந்தான். நிஜப் புலியாவே வச்சுக்கிடுவோம். ஏல, நிஜப் புலி ஒரு ஆட்டத் தின்னா வயிறு நெறஞ்சு படுத்துரும்லா? ஒரு ஆட்டுக்கு மூணு தடவ ஒம் புலி நகரப்பிடாது. நாலு ஆடு தின்னுருக்க. எத்தனை தடவன்னு நீயே கணக்குப் பாரு. இன்னொண்ணு, நிஜப் புலி மூணு சேந்தா வேட்டைக்குப் போவுது? தனியால்லா திரியும்! ரெண்டு புலியக் கீழ எடுத்து வையி."

பையன் விழித்தான். "பழைய சட்டமே இருக்கட்டும் ஆச்சி" என்றான். அடுத்த நாலாவது நகர்த்தலில் மூன்றாவது புலியும் அடைபட்டது.

நானும் சிரித்தேன். ஆனால் பையனுடைய கட்சி லேசானதல்ல. பெரிய பெரிய மனிதர்களெல்லாம் இதே வழக்கை நடத்தியிருக்கிறார்கள். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, வரைபடமும் பகடையும் வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றுக்குச் சட்டம் எழுதினார். படை இவ்வளவு தூரம்தான் நடக்கும், குண்டு பட்டால் இவ்வளவுதான் நஷ்டம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, "அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும்" என்ற கட்சிக்கு வந்துவிட்டார்!

1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு வெளிவந்தது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேஷம் வகுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை நடத்துவார்கள். அதற்கும் ஒரு நடுவர் உண்டு. வாள்வெட்டு வாங்கிய வீரன் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் மறுபடி சண்டைக்கு நிற்பான். "இது நடக்கிற காரியமா?" என்று ஒருவர் கேட்பார். "அப்படியானால் டிராகன் மட்டும் நடக்கிற காரியமா?" என்று மற்றவர் கேட்பார். அந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

எனக்கென்னவோ ஆட்டம் உலகத்தின் போட்டோப் படமாக இருக்கவேண்டியதில்லை என்றுதான் தோன்றுகிறது. பல்லாங்குழியைப் பாருங்கள். 14 குழியும் புளியங்கொட்டையும் எதைப்போல இருக்கின்றன? ஒன்றைப்போலவும் இல்லை. ஆனாலும் இருவரும் சமமாக ஆரம்பித்து, ஒருத்தி குவித்துக்கொண்டே போக, மற்றவள் வெறும் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்கிறாளே, அது நிஜமில்லையா? தனிச்சொத்து பிறந்த கதையோடு இந்த ஆட்டத்தைச் சேர்த்து எழுதினார் பாளையங்கோட்டைக்காரரான பேராசிரியர் தொ. பரமசிவன். ஆடு புலி ஆட்டமும் அப்படித்தான். புலியின் பசி, தூக்கம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, 'பின்னால் துணை நின்றால் எளியதை விழுங்க முடியாது' என்ற ஒரே ஓர் உண்மையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "நல்ல தீர்ப்புச் சொன்னீர்கள் அத்தை!" என்றேன். அத்தை வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லையே. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணுனா திருநெல்வேலி காலேஜுல சேக்கேன்னு ஒங்க தாத்தா சொல்லியிருந்தாவ. 1963இல பாஸ் பண்ணுனேன். பெறவு, 'உலக நடப்பு அப்படியில்லம்மா, பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் எப்படி அனுப்ப?'ன்னுட்டாவ. உலக நடப்பு பரீட்சைக்கு முன்னாலயும் அதேதான இருந்துச்சு?"

அறுபது வருஷத்துக்கு முந்திய ஆட்டம். குரலில் கோபம் இல்லை. தாத்தாவும் கெட்ட மனிதரல்ல, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நம் வீடுகளில் இது நடக்காமலா இருக்கிறது? "நல்ல மார்க் வாங்கு, நீ கேட்கிற படிப்பு" என்கிறோம். "கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம்" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் வாக்குக் கொடுக்கிறோம். அவள் தன் பங்கை ஆடி முடித்து ஜயிக்கிற சமயம் பார்த்து, 'நடைமுறை' என்று ஒரு புது நிஜம் நமக்கு ஞாபகம் வருகிறது. அது எப்போதும் புலிக்குச் சாதகமான நிஜமாகவே இருக்கிறது, கவனித்தீர்களா?

சட்டம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது பையன் மறுபடி கோடு கிழித்துக்கொண்டிருந்தான். ஒரு காயும் வைக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "இன்னிக்குப் புலி ஒரு தடவ மட்டும் ரெண்டு ஆட்டத் தாண்டலாம்னு வச்சுக்கிடுவோமா? பதிலுக்கு ஒனக்கு ரெண்டு ஆடு கூடத் தாரேன்" என்றான்.

அவள் சற்று யோசித்தாள்.

"மூணு ஆடு" என்றாள்.