வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறவர்களுக்கு

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிலிருந்து ஒரு படம் சுற்றுகிறது. சென்னையில் ஜூன் மாதம் நடக்கும் வானவில் பேரணியின் படம். கீழே, 'படுக்கையறை சமாச்சாரத்துக்கு ஊர்வலம் எதற்கு? மேல்நாட்டுக் குப்பை' என்று எழுதியிருக்கிறது. அதற்கு வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். தட்டியவர்களில் பலர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மேல்நாடு. கொடி வெளிநாட்டில் பிறந்ததுதான். 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்பவர் செய்தது. நம் ஃபைபர் படகும் வெளியிலிருந்து வந்ததுதான், அதற்காகக் கட்டுமரத்தோடு நின்றுவிட்டோமா? உண்மையில் கப்பலேறி வந்தது 377-ஆம் பிரிவு. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம் அது. கூவாகத்தில் சித்திரை மாதம் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள்? ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களுக்கு எந்த விகுதி போடுவது என்று தொல்காப்பியமே பேசுகிறது. இலக்கணத்தில் இடம் இருந்தது, இப்போது தெருவில் இடம் இல்லையாம்!

அடுத்து, ஊர்வலம் எதற்கு. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நம் மீனவ கிராமங்கள் ஏன் தெருவுக்கு வந்தன? வீட்டில் உட்கார்ந்து வருத்தப்பட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதால். இவர்கள் கதையும் அதேதான். 2009 ஜூன் கடைசியில் மெரினாவில் நடந்தார்கள். அதற்குச் சில நாட்களில் டெல்லி உயர்நீதிமன்றம் மனம் ஒத்த பெரியவர்களின் உறவு குற்றமில்லை என்றது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள் என்பது. சிறியவர்கள் என்று தள்ளினால் வெளியே வந்து ஆள்கணக்கு காட்டாமல் வேறென்ன செய்வார்கள்? 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் அந்தப் பிரிவின் பல் பிடுங்கப்பட்டது.

கொடி எதற்கு என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். வலை போட்ட இடத்தில் மிதவையில் கொடி நடுகிறோமே, அழகுக்கா? இங்கே வலை கிடக்கிறது, மேலே ஏற்றிக்கொண்டு போகாதே என்று சொல்லத்தானே.

'அதுதான் சட்டம் போய்விட்டதே, இன்னும் என்ன?' என்கிறார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் பக்கம் கல்யாணம் என்றால் ஃப்ளெக்ஸ், வெடி, மைக்செட், ஊர் முழுக்கச் சாப்பாடு. அதை யாரும் படுக்கையறை சமாச்சாரம் என்று சொல்வதில்லை. அதோடு முடிகிறதா? கடலோர ஊர்களில் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். வரியும், பஞ்சாயத்தில் பேச்சும், ஊருக்கு வரும் பங்கும் அந்தக் கணக்கில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் பல இடங்களில் இப்படித்தான் போட்டார்கள். தனித்து வாழ்ந்த பெண்களும் திருநங்கைகளும் விடுபட்டுப் போனார்கள். உடன் வாழ்கிறவர் யார் என்பதை வைத்து அரிசியும் பணமும் பங்கிடுகிற ஊர், அது உங்கள் சொந்த விஷயம் என்று எந்த வாயால் சொல்லும்?

2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை என்று துரத்தியது. வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு உத்தரவு போட்டார். மாற்றுகிறேன் என்று சொல்லி நடத்தும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தார். உயர்நீதிமன்ற நீதிபதி மாணவனாக உட்கார முடிகிறது. நம்மால் ஒரு படத்தைப் பார்த்து அரை நிமிடம் யோசிக்க முடியவில்லை. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கல்யாண உரிமை தர மறுத்துவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழி அல்ல என்றது. வீட்டில் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை விடுவிக்கும் வழக்கில்தான் அதைச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறீர்களே, சிலருக்கு அடி விழுவதே அந்த வீட்டுக்குள்தான்.

'பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்பது கடைசி ஆயுதம். வகுப்பில் நடை கொஞ்சம் வளைந்த பையனை 'ஒம்போது' என்று கூப்பிட்டது எந்தப் பேரணியைப் பார்த்துக் கற்றது? அந்தப் பெயரைத் தாங்க முடியாமல் எட்டாவதோடு பள்ளியை விட்டவர்கள் உண்டு. கெட்டுப்போன பிள்ளைகள் கணக்கில் அவர்களை ஏன் யாரும் சேர்ப்பதில்லை?

படத்தைப் போட்டவரை அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். கீழே 'நம்ம ஊர்ல இப்படி யாரும் இல்ல சார்' என்று எழுதியவரை மட்டும் ஒன்று கேட்கிறேன். இருந்தால், நேற்று விழுந்த கைதட்டலைப் பார்த்த பிறகு, இந்தக் குழுவில் வந்து சொல்வாரா?