பசை போக வேண்டும், வர்ணம் போகலாகாது

சென்ற ஞாயிறன்று என் அண்ணன் மகன் உள்ளங்கைக்குள் அடங்கும் நீலக் கார் ஒன்றை என் மேசைமேல் வைத்தான். இலண்டனில் லெஸ்னி நிறுவனத்தார் 'மேட்ச்பாக்ஸ்' என்னும் பெயரில் 1953 முதல் வார்த்து விற்ற உலோகப் பொம்மைகளுள் அது ஒன்று. சிங்கப்பூரிலிருந்து வந்த எங்கள் மாமா 1968-இல் அண்ணனுக்குத் தந்தது. அதன் கூரைமேல் அட்டைப்பெட்டி ஒன்றை, சைக்கிள் கடை ரப்பர் சொல்யூஷனால் நாங்கள் இருவருமே ஒட்டினோம். அது விழுந்து பல்லாண்டு கழித்து வீட்டில் யாரோ நொடிப்பசையால் மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள்.

அண்ணன் இன்று இல்லை. காரை அவருடைய பேரன் கையில் கொடுக்குமுன் கூரையைச் சுத்தம் செய்ய எண்ணிய மகன், நகச்சாயம் அகற்றும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்திருக்கிறான். முன்மூடியில் அரிசிமணியளவு வர்ணம் பஞ்சோடு வந்துவிட்டது. "பசைக்கு அதுதான் மருந்தென்றார்கள், சித்தப்பா" என்றான். மருந்துதான். அத்திரவங்கள் பலவற்றில் உள்ள அசிட்டோன் நொடிப்பசையைக் கரைக்கும். ஆனால் பசை இன்னது, வர்ணம் இன்னது என்று அது பார்ப்பதில்லை.

வாசகர் இல்லங்களிலும் இத்தகைய பொம்மைகள் இருக்கக்கூடும். முதலில் ஒட்டியிருக்கும் பசை எதுவென்று காணுங்கள். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையானால் கவலையே இல்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரில் சிறிது நேரம் ஊறினால் வெளுத்து உப்பி, விரலால் உருட்ட வந்துவிடும். காகிதப் படங்கள் ஒட்டிய இடத்தை மட்டும் நனைக்காதீர்கள். ரப்பர் பசைக்குத் தேங்காயெண்ணெய் போதும். மண்ணெண்ணெய் விரைவாக வேலை செய்யும்; எனினும் கையால் பூசிய வர்ணத்தை அது இளக்கிவிடலாம். எதைத் தொடுவதானாலும் சக்கரத்துக்கு மேலுள்ள உள்வளைவில் ஒரு துளி வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அத்துடன் நிறுத்துங்கள்.

நொடிப்பசைதான் பொல்லாதது. கடுங்குளிரில் அது நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆகவே காரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பெட்டியின் பனியறையில் ஓர் இரவு வைத்தோம். காலையில் எடுத்தவுடன், கூராக்கிய மூங்கில் குச்சியால் பசையின் ஓரத்தைப் பக்கவாட்டில் தள்ளினோம். மேல்நோக்கி நெம்பினால் வர்ணமும் உடன் பெயரும்; கத்தியோ ஊசியோ கூடவே கூடாது. இரண்டு பெரிய சில்லுகள் 'டக்'கென்று தெறித்தன. மறுநாள் இரவும் வைத்து இன்னும் கொஞ்சம் எடுத்தோம். உளுந்தளவு ஒன்று மட்டும் அசையவில்லை. வர்ணத்தைவிட அது உறுதியாகப் பற்றியிருக்கிறது என்று கண்டு விட்டுவிட்டோம்.

அடியில் பழுப்பேறி இறுகிக் கிடந்தது எங்கள் பழைய ரப்பர் பசை. தேங்காயெண்ணெய் தோய்த்த பஞ்சை அதன்மேல் ஓர் இரவு வைத்திருந்து, கட்டைவிரலால் தேய்த்தோம். அழுக்குத் திரிபோல் சுருண்டு வந்தது. எஞ்சிய மங்கலுக்குப் பற்பசையைத் தொட்டு, நாலைந்து முறை மெல்லத் தடவினால் போதும். பற்பசையும் ஒரு நுண்ணிய அரம்தான். பளபளப்பில் ஆசை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் வர்ணம் தேயும்.

துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கார்களின் கதை வேறு. அவற்றுக்கான பசை பிளாஸ்டிக்கையே உருக்கி இணைப்பது. வழிந்து காய்ந்த பசை மேலே ஒட்டிய பொருளன்று. அது அந்த உடலோடு ஒன்றாகிவிட்டது. நீரில் நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பதும், அவ்விடத்துக்கு மீண்டும் வர்ணமிடுவதுமே வழி. பெட்ரோலோ அசிட்டோனோ அதன் பக்கமே போகலாகாது.

"முன்மூடியில் கொஞ்சம் நீல எனாமல் தொட்டு வைக்கட்டுமா, சித்தப்பா?" என்று மகன் கேட்டான். ஐம்பதாண்டுக்கு மேல் பழகிய நீலத்தோடு புதிய நீலம் சேராது. உடலோ துத்தநாகக் கலவை, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. அப்படியே இருக்கட்டும் என்றேன். சக்கரங்களின் அச்சுக் கம்பிகள் மட்டும் இரும்பு. அவற்றை ஈரம் போகத் துடைத்து, தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். மேசையின் இக்கரையிலிருந்து தள்ளினால் அக்கரைவரை ஓடுகிறது.