நிலாவுக்குச் சிக்னல் போகுது, பள்ளத்து லயத்துக்குப் போகலை

2023 ஆகஸ்ட் 23ஆம் திகதி மாலை சந்திரயான்-3 நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. அன்றைக்கு எங்க ஆட்களின் போன்களில் சுற்றிய நக்கல் இதுதான்: "நிலாவுக்குச் சிக்னல் போகுது, பள்ளத்து லயத்துக்குப் போகலையே மச்சான்!"

சிரித்தோம். அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

அக்கரப்பத்தனை, டயகம, மன்ராசி பக்கத்து இளசுகள் அறிவியல் செய்தி படிக்கிற விதம் பெரும்பாலும் இப்படித்தான். புது போன், புது செயலி, புது ராக்கெட், புது ஏஐ, எது வந்தாலும் முதலில் ஒரு நக்கல். "வேலை வெட்டி இல்லாத பேச்சு" என்று பெரியவங்க சொல்வாங்க. நாங்க அப்படி நினைக்கலை. அந்த நக்கலுக்குள்ளே ஒரு சரியான கேள்வி இருக்கு. கேள்வியைப் பாதியிலேயே விட்டுட்டுச் சிரிக்கிறதுதான் பிரச்சினை. நாலு நக்கலை எடுத்து, மீதிப் பாதியையும் கேட்டுப் பார்ப்போம்.

முதல்ல நிலா. அது சுமார் 3,84,000 கிலோமீற்றர் தூரம். அங்கிருந்து வந்த சிக்னலைப் பிடித்த ஆண்டெனாக்களில் ஒன்று, பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலுவில் இருக்கும் 32 மீற்றர் அகலமான டிஷ். நிலாவுக்கும் அந்த டிஷ்ஷுக்கும் நடுவில் மலை இல்லை. வானத்தில் நிலா நேராகத் தெரிகிறது. போன் சிக்னல் கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும், மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. டவர் இரண்டே கிலோமீற்றரில் இருந்தாலும் நடுவில் ஒரு மலை முதுகு நின்றால் பள்ளத்து லயத்தில் ஒரு கோடு கூட வராது. ஆக, எங்க பிரச்சினை தூரம் இல்லை, மலை.

மலையைத் தாண்டிச் சிக்னல் கொண்டுவருவது பெரிய விஞ்ஞானமும் இல்லை. எதிர் மேட்டில் சின்ன டவர் ஒன்று, அதற்குக் கரண்ட், போய்வர ஒரு பாதை, அவ்வளவுதான். பிறகு ஏன் வரலை? டவர் வைக்கிறவங்க எத்தனை பேர் ரீலோட் போடுவாங்க என்று கணக்குப் பார்ப்பாங்க. பள்ளத்தில் இருக்கும் ஐந்தாறு லயத்தை நம்பி டவர் வைத்தால் காசு திரும்பி வராது. அங்கேதான் அரசாங்கம் வரணும். இலங்கைப் புள்ளிவிவரத்தில் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கணினி அறிவு அளந்தாலும் சரி, டிஜிட்டல் அறிவு அளந்தாலும் சரி, கடைசியில் நிற்பது தோட்டம்தான். அது பிள்ளைகளின் மூளைக் கணக்கு இல்லை, மேட்டில் வைக்காத டவரின் கணக்கும் அதுக்குள்ளே இருக்கு. கொரோனா காலத்தில் மலைநாட்டுப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காக மேடு ஏறியது எல்லாருக்கும் தெரியும். பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் மலையேறிப் படித்தது 2021இல் உலகச் செய்தியாகவே வந்தது. எந்தக் கல்லில் ஏறினால் இரண்டு கோடு வரும் என்று அறிந்த பிள்ளைக்கு, சிக்னல் நேர்கோட்டில் போகும் என்கிற பாடத்தைத் தனியாக நடத்தத் தேவையே இல்லை.

இரண்டாவது நக்கல் கொஞ்சம் பழசு, அண்ணன்மார் காலத்தது. 2015 ஜூலையில் அரசாங்கம் கூகிளின் லூன் திட்டத்தோடு ஒப்பந்தம் போட்டது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு ஊர் விடாமல், பலூனிலிருந்து இணையம் வரும் என்று பேச்சு. ஹீலியம் நிரப்பிய பலூன், விமானங்கள் போகிற உயரத்துக்கும் மேலே, சுமார் 20 கிலோமீற்றரில் மிதக்கும். தள்ளிக்கொண்டு போக மோட்டார் கிடையாது. ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் அடிக்கும் என்பதால் ஏறி இறங்கி வேண்டிய காற்றைப் பிடித்துக்கொள்ளும். 2016 பெப்ரவரியில் முதல் பலூன் இலங்கை வானத்துக்கு வந்தது. சில நாளில் கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடந்தது. திட்டமிட்டு இறக்கியதுதான் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

தோட்டத்து வாய் சும்மா இருக்குமா? "பலூனும் கொழுந்து எடுக்க வந்திருச்சு. பேர் போட்டாங்களா?" "இல்லைடா, கொழுந்து குறைவு, அரைப்பேர்தான்!" (வெளியூர் ஆட்களுக்கு: எங்க பக்கம் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்போம். பறித்த கொழுந்து கணக்குக்குக் குறைந்தால் பாதிச் சம்பளம், அது 'அரைப்பேர்'.)

நல்ல நக்கல். ஆனா மீதிக் கதை எங்க ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் தொழில்நுட்பம் ஒன்றும் பொய் இல்லை. 2017இல் புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில் அதே பலூன்கள் மக்களுக்குத் தொடர்பு கொடுத்தன. 2020இல் கென்யாவில் காசுக்கே சேவை ஓடியது. இங்கே அலைவரிசை ஒதுக்குவதில் வந்த சிக்கலில் திட்டம் நின்றது. கடைசியில் செலவு கட்டாது என்று 2021 ஜனவரியில் லூனையே மூடுவதாக அறிவித்தார்கள். வருது என்று சொன்னபோது அது தலைப்புச் செய்தி. வராமல் போனபோது ஒரு மூலைச் செய்தி. 'வருது' என்ற செய்திக்குச் சிரிக்கிற நாங்கதான், 'என்ன ஆச்சு' என்ற செய்தியையும் தேடிப் போகணும். வேற யாரும் எங்க லயத்துக்கு வந்து சொல்லப் போறதில்லை.

மூன்றாவது ஸ்டார்லிங்க். 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. "இனி துரை பங்களாவில மட்டும் நெட்பிளிக்ஸ் ஓடும்" என்று நக்கல். இது பாதி சரி. தொடங்கியபோது வீட்டுத் திட்டமே மாதம் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டியது, டிஷ் வாங்குகிற காசு வேற. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. பத்தாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு பேருக்கு மேல். ஒரு வாரம் அட்டைக்கடியில் அம்மா எடுத்த கொழுந்து முழுசும் ஆகாயத்துக்கு!

மீதிப் பாதியை இப்போ கேட்போம். தனி வீடு கட்ட முடியாததை ஒரு லயம் சேர்ந்து கட்ட முடியுமா? பத்துக் காம்பரா சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஆயிரம் ரூபா சொச்சம். ஒரு பேரைவிடக் குறைவு. வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு டிஷ் வைத்தால் ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்காவது போதும். அதற்கு வீட்டுத் திட்டம் செல்லுமா, பொது இடத்துத் திட்டம் எடுக்கணுமா என்று விதியைப் படிக்கணும். அந்தச் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. அதனால் டிஷ்ஷுக்கு மரமும் மலையும் மறைக்காத அகலமான வானம் வேணும். ஆக, எந்த இடத்தில் வைக்கிறது என்று நடந்து பார்க்கணும். இதெல்லாம் பொறியியல் பீடத்து ஆள்தான் செய்யணும் என்றில்லை. கலைப்பீடத்து நாங்களும் செய்யலாம். கணக்குக் கேட்கிறதும், விதியைப் படிக்கிறதும், ஊரைக் கூட்டிப் பேசுகிறதும் எங்க வேலைதானே?

"சிக்னல் இல்லாட்டி செத்தா போயிடுவீங்க?" என்று கேட்கிறவர்களுக்கு 2025 நவம்பர் கடைசி ஞாபகம் இருக்கணும். டித்வா புயலில் மலைநாடு சரிந்தது. பாதை போனது, கரண்ட் போனது, பல இடங்களில் போனும் செத்தது. டவரும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேணும், டீசல் வரப் பாதை வேணும். மண் சரியப் போகுது என்கிற எச்சரிக்கை, விடிந்த பிறகு வந்தால் என்ன, வராமல் விட்டால் என்ன? அந்த வாரத்தில் மலைக்கு வெளியே படித்துக்கொண்டிருந்த எங்க ஆட்கள் வீட்டுக்கு எடுத்த எடுப்பெல்லாம் 'தொடர்புகொள்ள முடியாது' என்றே வந்தது. அன்றைக்கு யாருக்கும் நக்கல் வரலை.

நாலாவது ஏஐ. ஒரு செயலியிடம் "அரைப்பேர் என்றால் என்ன?" என்று கேட்டோம். "பெயரின் பாதிப் பகுதி" என்று அழகான தமிழில் பதில் சொன்னது. "பெரட்டு" என்று கேட்டதற்கு ஒரு சமையல் குறிப்பு வந்தது. விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தை அது இஞ்சி பூண்டு போட்டு வதக்கிவிட்டது! வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இதுக்கும் மீதிப் பாதி இருக்கு. அந்தச் செயலிகள் எழுதி வைத்ததைப் படித்துத்தான் பழகுகின்றன. எழுதாத சொல் அவற்றுக்கு இல்லாத சொல். எங்க அப்பாயிமார் வாயில் இருக்கும் தமிழ் கொஞ்சம்தான் எழுத்தில் ஏறியிருக்கு. கொம்பியூட்டர் வராத காலத்திலேயே சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடிச் சேகரித்து எழுதி வைத்தார். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து, மலையக நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. எங்க பங்குக்கு, ஒரு தோட்டத்துச் சொல்லுக்கு இரண்டு வரி விளக்கம் யூனிகோட்டில் எழுதி இணையத்தில் போட ரொம்ப நேரம் ஆகாது. நாளைக்கு சம்பளக் கடதாசியையும் வைத்தியசாலைத் துண்டையும் ஏஐயிடம் வாசிக்கக் கொடுக்கிற காலம் வரும். அப்போது அரைப்பேரை அது 'பாதிப் பெயர்' என்று வாசித்தால் சிரிப்பு வராது.

நக்கல் அடிக்காதீங்க என்று நாங்க சொல்ல வரலை. அது இல்லாமல் இந்தக் குளிரில் இருக்க முடியுமா? அடித்த நக்கலுக்குக் கீழே இன்னொரு வரி சேருங்க என்றுதான் சொல்றோம். "இதுக்கு எவ்வளவு ஆகும்?" "யார் பொறுப்பு?" "போன தடவை சொன்னது என்ன ஆச்சு?" அந்த வரியை எழுதிக் கேட்கவும் வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தமிழிலேயே தகவல் கேட்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் எந்தெந்தத் தோட்டப் பிரிவுகளுக்கு 4ஜி இல்லை, எப்போது வரும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்க ஒரு தாள் போதும். கூடவே எங்க லயத்தில் எந்த இடத்தில் எத்தனை கோடு வருது என்று ஒரு மாதம் குறித்து, பிரதேச சபைக்கும் கொடுக்கலாம்.

'எந்தப் பிரஜையும்' என்று அந்தச் சட்டம் சொல்வதை எங்க ஆட்கள் சாதாரணமாக வாசிக்கக் கூடாது. 1948இல் எங்க பாட்டன் பூட்டன்மாரிடமிருந்து பறித்த பிரஜாவுரிமையின் கடைசி மிச்சத்தைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. கேள்வி கேட்கிற உரிமைக்கு அவங்க அவ்வளவு காலம் காத்திருந்தாங்க. கையில் கிடைத்த பிறகு வெறும் சிரிப்பு இமோஜியோடு நாங்க நிறுத்திக்கொண்டால் எப்படி?