புகைக்குப் பொறுப்பாளி யார்?

சரக்கை வாங்குகிற நிறுவனம் தன் கட்டடத்துப் புகைக்கு மட்டுமே பொறுப்பாளி என்றும், அதைச் செய்து தருகிறவருடைய புகை அவர் கணக்கையே சேரும் என்றும் வாதிக்கும் அன்பர்கள், திருப்பூரைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

அங்கே தைத்த பனியன் ஐரோப்பியக் கடையை அடையுமுன், நூற்பு, பின்னல், சாயமேற்றல் ஆகிய காரியங்களிலேயே பெருமளவு கரியமில வாயு ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னர், நொய்யல் நதியைக் காக்கும்பொருட்டுக் கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத முறையை அவை கைக்கொள்ள நேர்ந்தது. ஆனால் எஞ்சிய உப்புநீரை ஆவியாக்க நீராவியும் மின்சாரமும் வேண்டியிருப்பதால், நதிக்கு இழைத்த தோஷத்துக்குப் பரிகாரம் தேடியவர்கள் ஆகாயத்துக்குக் கடனாளிகளானார்கள். சொற்ப லாபத்தில் ஜீவிக்கும் பட்டறைக்காரர் இச்சங்கடத்தைத் தனியாகத் தீர்க்க வேண்டுமென்பது என்ன நியாயம்? விலையையும் தவணையையும், ஏன், துணியின் நிறத்தையுங்கூட நிர்ணயிப்பவர் வாங்குபவரல்லவா?

'படிவம் அனுப்பிக் கணக்குக் கேட்கிறோமே' என்பார்கள். கணக்குக் கேட்பது சகாயமாகாது. நீண்டகால ஒப்பந்தம் கையிலிருந்தால்தான், நீராவி தயாரிப்பதில் புகையைக் குறைக்கும் புதிய கொதிகலனுக்கு வங்கி தைரியமாகக் கடன் தரும்.

வால்மார்ட் நிறுவனம் 2017-இல், தனக்குச் சரக்களிப்போரையும் சேர்த்துக்கொண்டு 2030-க்குள் நூறு கோடி டன் வாயுவைத் தவிர்ப்பதென்று சங்கற்பம் செய்து, 2024-இலேயே அவ்விலக்கை எட்டியதாக அறிவித்தது. அது சரக்களிப்போர் தாமே தெரிவித்த கணக்கு என்பது மெய்யே எனினும், கூட்டு முயற்சி அசாத்தியம் என்னும் வாதம் அதன்முன் வலுவிழக்கிறது. அடுத்த பருவத்து விலையைப் பேச அமரும்போது, கொதிகலன் செலவில் ஒரு பங்கை அவ்விலையில் சேர்க்க இவ்வன்பர்கள் சம்மதிப்பார்களா?