தூரிகைக்கும் வேண்டும் விதைநெல்

“ஓவியம் படிக்கப் போகிறேன்” என்று பிள்ளை சொன்னால், பெரும்பாலான வீடுகளில் எழும் முதற்கேள்வி “அது சோறு போடுமா?” என்பதே. கலையின் அருமை அறியாதோர் கேள்வி என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இது நியாயமான கேள்வி. நுண்கலைக் கல்லூரிகளில் பயின்று வெளிவரும் இளைஞர்களுள் பலர் சில ஆண்டுகளுக்குள் தூரிகையைக் கீழே வைத்துவிடுகின்றனர். அவர்களது திறமை வற்றிப்போவதில்லை. வீட்டு வாடகை நாள் தவறாமல் வருகிறது. ஓவியத்தின் விலையோ நாள் தவறியே வருகிறது. இந்த இடைவெளியில்தான் கலைஞர்கள் பலரை நாம் இழக்கிறோம்.

இது குறித்து நம்மிடையே இருவகை நம்பிக்கைகள் உலவுகின்றன. வறுமையே கலைஞனுக்கு அணிகலன் என்பது ஒன்று. திறமை உள்ளவனை உலகம் தானே தேடி வரும் என்பது மற்றொன்று. எதிரெதிரானவைபோல் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: கலைஞரின் வரவு செலவைப் பற்றி எவரும் சிந்திக்கவேண்டிய தேவை இல்லாமல் செய்துவிடுகின்றன.

அறுவடை முடிந்த கையோடு களத்துமேட்டிலேயே நெல்லை விற்றாகவேண்டிய உழவருக்கு, வந்தவர் சொன்னதே விலை. குதிரில் நெல்லைச் சேர்த்துவைக்க முடிந்தவருக்கோ விலை சொல்லும் உரிமை உண்டு. ஓவியருக்கும் இதுவே பொருந்தும். ஓர் ஓவியர் நாற்பது ஆண்டுகள் நிலைத்து வரைவாரா என்பதைத் தீர்மானிப்பது, என்றோ ஒருநாள் கிட்டும் பெரிய விற்பனை அன்று. இன்று கட்டுப்படியாகாத விலையை மறுக்கும் வலிமையே என்பது எனது உறுதியான கருத்து. அந்த வலிமை சேமிப்பிலிருந்தும், சீரான துணைவருவாயிலிருந்தும், எழுத்தில் உள்ள ஒப்பந்தத்திலிருந்தும் பிறக்கிறது.

முன்னோர் நடந்த வழி

இது புதிய கருத்தன்று. எம்.எஃப். உசேன் பம்பாய்க்கு வந்த தொடக்க ஆண்டுகளில் திரைப்பட விளம்பரப் பதாகைகள் தீட்டியும், மரச்சாமான்களும் பொம்மைகளும் வடிவமைத்தும் குடும்பத்தைக் காத்தார். 1947இல் உருவான முற்போக்கு ஓவியர் குழுவில் அவர் இடம்பெற்றபோது, அவருக்குப் பின்னால் பல்லாண்டுக் கூலி உழைப்பு இருந்தது. ஆளுயரத்தை விஞ்சிய பதாகைகளில் பழகிய கை, பிற்காலத்தில் பெரிய திரைச்சீலைகளைக் கண்டு அஞ்சவில்லை. கே.ஜி. சுப்பிரமணியன் கைத்தறித் துறையில் வடிவமைப்புப் பணியாற்றினார். பின்னர் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். அந்த ஊதியப் பணிகள் அவரது கலையைக் குறைத்துவிடவில்லை. நெசவும் நாட்டுப்புறக் கைவினையும் அவரது ஓவிய மொழிக்குள் புகுந்து அதற்கு வளம் சேர்த்தன.

தனியொருவர் செய்ததைக் கூட்டாகச் செய்து காட்டியது சோழமண்டலம். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அக்கலைஞர் சிற்றூரை நிறுவினர். அதற்கு வழி செய்தவை பாத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருள்கள். கலைஞர்கள் அவற்றைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு கடற்கரை மணலில் நிலம் வாங்கினர். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மறுபகுதி தம் சொந்த ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் என்று வகுத்துக்கொண்டனர். வயிற்றுக்கான வேலையையும் உள்ளத்துக்கான வேலையையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இரண்டுக்கும் நேரம் ஒதுக்கியதே அவர்களது வெற்றி.

விலை குறித்து யாமினி ராய் வேறொரு வழியைத் தேர்ந்தார். கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் ஐரோப்பியப் பாணி உருவப்படங்களில் தேர்ந்தவர் அவர். 1920களில் அப்பாதையை விட்டு வங்க நாட்டுப்புற ஓவிய மரபை நாடினார். குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு தம் வீட்டையே பட்டறையாக்கி, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கத்தக்க விலையில் படங்களை விற்றார். குறைந்த விலையில் பலர் வாங்குவதும் நிலையான வருவாய்தான் என்பதற்கு அவரது வாழ்க்கை சான்று. பீகாரின் மதுபனியில் 1966–67ஆம் ஆண்டுகளில் கடும் வறட்சி நிலவியபோது, வீட்டுச் சுவர்களில் வரைந்துவந்த பெண்களிடம் அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் தாள் வழங்கப்பட்டது. சுவரைவிட்டு நகர முடியாத ஓவியம் தாளில் ஏறியதும் சந்தைக்குப் பயணப்பட்டது. மரபு அழியவில்லை, அதற்கு ஒரு வருவாய் வழி பிறந்தது.

புகழ் மட்டுமே போதாது என்பதற்கும் நம் வரலாற்றில் சான்றுண்டு. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் தொடங்கினார். அவருடைய இலக்குமியும் கலைமகளும் இந்தியாவின் எண்ணற்ற பூசை அறைகளில் குடியேறினர். ஆனால் அச்சகம் கடனில் தத்தளித்தது. சில ஆண்டுகளிலேயே, அங்குப் பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் அதனை விற்க நேர்ந்தது. நாடெங்கும் வீடுதோறும் விரும்பப்பட்ட ஓவியருக்கே தொழில் நடத்துதல் தனியொரு கலையாக இருந்ததெனில், இன்றைய இளைஞர் அதனைக் கற்காமல் விட இயலாது.

விலையின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் ஓவியரின் குடும்பச் செலவு மாதம் 30,000 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். வண்ணம், திரைச்சீலை, சட்டம், போக்குவரத்து, காட்சிக்கூட வாடகை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆக மொத்தம் 4,80,000 ரூபாய். ஆண்டில் பன்னிரண்டு ஓவியங்கள் விற்குமெனில், ஒவ்வொன்றும் 40,000 ரூபாயைக் கையில் தரவேண்டும். காட்சிக்கூடங்கள் பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தரகாக எடுத்துக்கொள்கின்றன. நூற்றுக்கு நாற்பது என வைத்தால், ஓவியத்தின் விலை ஏறத்தாழ 66,700 ரூபாயாக இருந்தாகவேண்டும்.

பெயர் பெறாத ஓர் இளைஞரின் படத்துக்கு அவ்விலை கிடைப்பது அரிது. அதே இளைஞர் வாரவிறுதி வகுப்புகளாலும் நூல்களுக்கான படங்களாலும் மாதம் 20,000 ரூபாய் ஈட்டினால், ஓவியங்கள் தரவேண்டிய தொகை சரிபாதியாகக் குறைகிறது. விலை 33,400 ரூபாய் அளவில் இருந்தாலே போதும். இந்தக் கணக்கைப் போடாதவர் அச்சத்தில் 15,000 ரூபாய்க்கு விற்கிறார். ஒவ்வொரு விற்பனையிலும் தமக்கு இழப்பு நேர்வதை அவர் அறிவதே இல்லை.

வருகின்ற தொகையைப் பிரிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். விதைநெல்லைக் குற்றிச் சமைக்கும் உழவருக்கு அடுத்த விளைச்சல் இல்லை. ஓவியருக்கு விதைநெல் என்பது அடுத்த படைப்புக்கான வண்ணமும், விற்பனையில்லாத மாதங்களில் நிம்மதியாக வரைவதற்கான காலமும் ஆகும். பத்துப் பங்கு வந்தால் ஐந்து இல்லத்துக்கும், இரண்டு பொருள்களுக்கும் அடுத்த கண்காட்சிக்கும், இரண்டு சேமிப்புக்கும், ஒன்று வரிக்கும் என வகுத்துக்கொள்வது ஒரு நல்ல தொடக்கம். தொழிலுக்கெனத் தனியே ஒரு வங்கிக் கணக்கு இருந்தால் இது எளிதாகும். முதலில் ஆறு மாதச் செலவுக்கான தொகை எளிதில் எடுக்கத்தக்க வைப்பில் சேரட்டும். ஓய்வூதியமோ வருங்கால வைப்பு நிதியோ தருவதற்கு முதலாளி எவரும் இல்லாதவருக்கு, பதினைந்து ஆண்டு முதிர்வுடைய பொது வருங்கால வைப்பு நிதி அடுத்த படியாகும். ஓர் ஆண்டில் செலுத்தவேண்டிய வருமானவரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆகுமெனில், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணைகளில் முன்கூட்டியே செலுத்தவேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடன் குறித்தும் ஒரு சொல். அச்சுப்பொறி, சுடுமண் சூளை, ஒளிப்படக் கருவி போன்று வருவாய் ஈட்டித்தரும் பொருளுக்குக் கடன் பெறலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் இத்தகைய சிறுதொழில்களுக்குப் பிணையின்றிக் கடன் வழங்க வகைசெய்கிறது. மாதச் செலவின் பற்றாக்குறையை நிரப்பக் கடன் வாங்குவதோ விதைநெல்லை அடகுவைப்பதாகும்.

எழுத்தில் இருக்கட்டும்

கலைஞர்கள் பெரிதும் இழப்பது, வாய்ச்சொல்லை நம்பி வேலை தொடங்குவதால். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியரின் பக்கம் நிற்கிறது; அவர் அதனை அறிந்திருக்கவேண்டும். ஓவியத்தை வாங்கியவர் அந்தப் பொருளுக்கு உரிமையாளராகிறாரே தவிர, அதனை நாட்காட்டியில் அச்சிடும் உரிமை அவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. பதிப்புரிமையை மாற்றித்தருவது எழுத்தில் இருந்தாகவேண்டும். அதில் காலவரையறை குறிப்பிடப்படாவிடில் ஐந்தாண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். எனினும் ஒருவர் பணம் தந்து தமக்கென வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே ஒரே பக்க ஒப்பந்தமாயினும் அது ஓவியருக்குக் கவசமாகும்.

இச்சட்டத்தின் 53அ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தின் விலையில் ஓவியருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் பங்கு கோரும் உரிமையைத் தருகிறது; அப்பங்கு நூற்றுக்குப் பத்தைத் தாண்டலாகாது. ஆனால் முதல் விற்பனைக்கே சீட்டு எழுதாதவர் மறுவிற்பனையில் எவ்வாறு பங்கு கேட்பார்? டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்து 1979இல் அகற்றப்பட்ட தம் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் நெடுங்காலம் வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடம் ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தீர்ப்பளித்தது. விற்ற பின்னும் படைப்பின் மாண்பில் படைத்தவருக்கு உரிமை உண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

நிறுவனங்களுக்குப் படம் வரைந்து தருவோருக்கு மற்றுமொரு பாதுகாப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றவருக்குத் தரவேண்டிய தொகையை 45 நாள்களுக்கு மேல் நிறுத்திவைக்கக்கூடாது. தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி கோரலாம். பதிவும் தேதியிட்ட விற்பனைச் சீட்டும் கையில் இருந்தால்தான் அவ்வுரிமைக்கு உயிர் உண்டு.

வாங்குவோர் கடன்

விற்பனையையே நோக்கினால் கலை கெடாதா என்ற ஐயம் எழலாம். எழுவது முறையே. ஒரு மயில் விற்றுவிட்டதற்காக ஆண்டு முழுதும் மயிலையே வரைந்தவர் பலர் உண்டு. ஆனால் அந்த நிலைக்குத் தள்ளுவது பெரும்பாலும் பணத்தேவையின் நெருக்கடியே. சேமிப்பு உள்ளவர் மயிலை மறுத்துவிட்டுத் தாம் வரைய விரும்புவதை வரையலாம். தேடல் மிக்க கலையைக் காப்பதற்குக் கணக்குப் புத்தகத்தைப்போல் உதவும் துணை வேறில்லை.

இதில் கலைஞருக்கு மட்டுமின்றி நமக்கும் பொறுப்பு உண்டு. இவ்விதழை வாசிப்போருள் பெற்றோர் இருப்பீர்கள். கடை நடத்துவோர் இருப்பீர்கள். புதுமனைக்கு ஒரு படம் வாங்க எண்ணுவோரும் இருப்பீர்கள். “ஐந்து நிமிட வேலைதானே, கடைக்கு ஒரு சின்னம் வரைந்து கொடு தம்பி” என்று தெரிந்த பிள்ளையிடம் இலவசமாகக் கேட்பதை நாம் விட்டுவிடலாம். தச்சரிடம் அவ்வாறு கேட்பதில்லை அல்லவா? ஓவியம் வரையச் சொல்லும்போது மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகத் தருவோம். எஞ்சிய தொகையைப் படம் கைக்கு வந்த அன்றே தருவோம். சீட்டுக் கேட்டு வாங்குவோம். வாங்கியவருக்கு அது உரிமைச் சான்று. வரைந்தவருக்கு அது தொழிற்சான்று.

பெற்றோர் கேட்கும் பழைய கேள்வி அப்படியே இருக்கட்டும். அதனைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், பிள்ளையோடு அமர்ந்து விடையைக் கணக்கிடுங்கள். ஓவியக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு வண்ணப்பெட்டியோடு ஒரு வரவுசெலவு ஏட்டையும், அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கையும் தந்து அனுப்புங்கள். முதல் படம் விற்றதும் அதில் இரண்டு பங்கை அக்கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.