உட்கார வச்சுக் கேளுங்க

போன தை மாசம் என் மக கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துல நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தார். அறுபது தாண்டினவர். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, வாசல்ல செண்டை மேளம் ஆரம்பிச்சுட்டாங்க. அதையும் ஏற்பாடு பண்ணது நான்தான். பெரியவர் ஒண்ணும் சொல்லாம வாத்தியத்தை உறையில போட்டுட்டு ஓரமா நின்னார். ஒரு ஜமுக்காளம் விரிக்கணும்னுகூட எனக்குத் தோணலை.

இத்தனைக்கும் எங்க ஊர் திருவாவடுதுறைக்குப் பக்கம். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பேரைச் சொல்லிப் பெருமைப்படுற மண்ணு.

அவருக்கு முன்னாடி நாதஸ்வரக்காரர்னா வெறும் உடம்பு, இடுப்புல துண்டு. நின்னுக்கிட்டோ நடந்துக்கிட்டோதான் வாசிக்கணும். மேடையில உட்கார்றது பாட்டு வித்வான்களுக்கு மட்டும். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வச்சார், கோட்டு போட்டார், உட்கார்ந்துதான் வாசிப்பேன்னார். திமிர் பிடிச்சவர்னு பேசினவங்க உண்டு. தன் தொழிலுக்கு மரியாதை கேட்கறது திமிரா?

வாத்தியத்தையும் அவர் சும்மா விடலை. அப்போ புழக்கத்துல இருந்த திமிரி நாயனம் குட்டை, சுருதி ரொம்பத் தூக்கல். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைப் பக்குவப்படுத்திக் கொடுத்தார். சுருதி இறங்கினதும், உட்கார்ந்து நிதானமா கேட்கிற கச்சேரி வாத்தியமாச்சு. 1947-ல சுதந்திரம் வந்தப்போ டெல்லியில ஒலிச்சதும் அவர் நாதஸ்வரம்தான்.

அவர் சண்டை போட்டு வாங்கின இடத்தை நான் ஒரே சாயங்காலத்துல பிடுங்கிட்டேன்.

நெல்லுக்கு விலை இல்லை, விவசாயியை யாரும் மதிக்கலைன்னு இங்கே அடிக்கடி எழுதறேன். அந்தப் பெரியவருக்குப் பேசின பணத்தைக் குறைக்காம கொடுத்தேன், மரியாதை கொடுக்கலை. அப்புறம் எனக்கு என்ன யோக்கியதை?

செண்டை வேண்டாம்னு சொல்லலை. அதை வாசிக்கறவங்களும் கலைஞர்கள்தான், அவங்க வீட்லயும் அடுப்பு எரியணும். ஒருத்தர் வாசிக்கும்போது இன்னொருத்தரை விட்டு அமுக்காதீங்கன்னுதான் சொல்றேன். டவுன்ல மண்டபம் பிடிக்கிறவங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒதுக்குங்க. மேடையில உட்கார வைங்க. பத்திரிகையில அவங்க பேரைப் போடுங்க. கெட்டிமேளம் கொட்ட மட்டும் கூப்பிட்ட ஆளா நடத்தாதீங்க.

அடுத்து என் பையன் கல்யாணம் இருக்கு. அந்தப் பெரியவர் வீட்டுக்கு வெத்தலை பாக்கோட நானே போகப்போறேன். வர்றேன்னு சொல்லுவாரான்னுதான் பயமா இருக்கு.