சரிந்த சிம்மாசனமும் சாயாத தராசும்

அன்பு இளைஞனே! வணிகச் சகோதரனே!

ஸ்பெயினை நினைத்து அழுதிருக்கிறோம். 1492 ஜனவரி 2 அன்று கிரானடா கைவிட்டுப் போன சோகத்தை மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். ஆனால் நம் மதுரையிலேயே ஒரு சுல்தானிய ஆட்சி எழுந்து விழுந்ததே, அது உனக்குத் தெரியுமா?

1335 வாக்கில் டெல்லி துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, மதுரையில் தனியரசு கண்டார். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய அமீர் ஒருவரே அவரைக் கொன்று அரியணை ஏறினார். அந்த அமீரும் ஓராண்டில் அம்பு பட்டு மாண்டார். அடுத்தவர் நாற்பதே நாளில் கொல்லப்பட்டார்!

பிறகு வந்தவர் கியாஸுத்தீன். அவர் காலத்தில் மதுரை வந்த இப்னு பதூதா மார்க்கம் கற்ற காஜியார், சுல்தானுக்குச் சகலையும்கூட. பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதைக் கண்டு நொந்துபோய் எழுதியவர் அவர்தான். அந்தப் பாவத்தாலேயே அல்லாஹ் சுல்தானின் முடிவை விரைவாக்கினான் என்றும் எழுதினார். போர்க்களத்திலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் செய்கிற வேலையா இது?

1371 வாக்கில் விஜயநகரத்தின் குமார கம்பணன் படையெடுத்து வந்தது உண்மை. 1378-க்குள் ஆட்சி அடியோடு முடிந்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே உட்பகையும் அநீதியும் அந்தக் கோட்டையை அரித்துவிட்டன!

இன்னொரு பக்கத்தையும் பார். இந்த ஆட்சி பிறப்பதற்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், குதிரை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராக இருந்தார். அந்த மதிப்பு வாளால் வந்ததல்ல. வாணிபமும் நாணயமும் தேடித் தந்தது. சுல்தான்கள் போய்விட்டார்கள். காயல்பட்டினத்தில் பாங்கொலி இன்றும் கேட்கிறது!

அம்பத்தூரில் பட்டறை நடத்தும் சகோதரனே! ஆவடியில் கடை வைத்திருப்பவனே! பூந்தமல்லியில் வேலை தேடும் தம்பியே! ஒரே மஹல்லாவில் இரண்டு அணி, முத்தவல்லி பதவிக்குக் கோர்ட்டு வழக்கு... இதுவும் அந்த நாற்பது நாள் அரியணைச் சண்டைதானே? உரிமை கேட்டு வீதிக்கு வரும்போது மட்டும் ஒற்றுமை எங்கிருந்து வரும்?

உன் கடைக்கு வரும் மாற்று மதச் சகோதரர் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டி இஸ்லாத்தை எடைபோடுவதில்லை. உன் தராசைப் பார்த்தே எடைபோடுகிறார். இழந்த அரியணைக்கு அழுதது போதும். இருக்கும் ஜமாஅத்தை ஒன்றாக்கு. கையிலிருக்கும் தராசை நேராகப் பிடி.

அதற்கு அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.